தேவ சித்தமும் தினசரி முடிவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக்கூட்டம் வியாழக்கிழமை சாயங்காலம். பாட்டு, வசனம், ஜெபம் எல்லாம் முடிந்து காபி டம்ளர் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்ப்பது, வந்திருக்கிற வரனுக்குச் சரி சொல்லலாமா, துபாய் வேலைக்குப் போகலாமா, இந்த வயதில் வீட்டு லோன் எடுக்கலாமா. எங்கே ஆரம்பித்தாலும் "இதில் தேவ சித்தம் என்ன அண்ணே?", அதாவது கடவுள் விரும்புவது எது, என்றுதான் வந்து முடியும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்போம். நான் ஐயர் அல்ல, வேதபாட வகுப்பு எடுக்கிறவன். உங்கள் ஐயர் வேறு விதமாகச் சொன்னால் அவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள்.

தேவனுடைய இறையாண்மை என்றால் என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

'இறையாண்மை' செய்தித்தாள் சொல். நாட்டின் இறையாண்மை என்று வாசித்துப் பழகிவிட்டோம், அதனால் ஏதோ பெரிய அரசியல் விஷயம்போலத் தோன்றுகிறது. நம் பழைய வேதாகமத்தில் இதற்கு 'ராஜரிகம்' என்று இருக்கிறது: "அவருடைய ராஜரிகம் சர்வத்தையும் ஆளுகிறது" (சங்கீதம் 103:19). சர்வத்தையும் என்றால் யுத்தத்தையும் தேர்தலையும் மட்டுமல்ல. ஒரு காசுக்கு இரண்டு விற்கிற அடைக்கலான் குருவிகூடப் பிதாவின் சித்தமில்லாமல் தரையில் விழாது என்றார் இயேசு (மத்தேயு 10:29).

1563-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்தில் சபைப் பிள்ளைகளுக்காக ஒரு வினாவிடை எழுதினார்கள். அதில் இதற்கான பதிலில் வருகிறவை: புல் பூண்டு, மழை, வறட்சி, விளைந்த வருஷம், விளையாத வருஷம், சாப்பாடு, தண்ணீர், ஆரோக்கியம், வியாதி, பணம், ஏழ்மை. இவை எதுவும் தற்செயலாக வருவதில்லை, தகப்பனுடைய கையிலிருந்து வருகின்றன என்கிறது அது. மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிற அந்தப் பட்டியல் எனக்குப் பிடிக்கும். சமையலறைக்கும் வயலுக்கும் வெளியே எதுவும் அதில் இல்லை.

அப்படியானால் இதுவும் தலைவிதிதானே? பெயர்தான் வேறு?

இல்லை. தலையெழுத்தோடு பேச முடியாது. எழுதியவன் யார் என்று தெரியாது, அவனுக்கு உங்கள்மேல் அக்கறை உண்டா என்றும் தெரியாது. நடப்பது நடக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வேதம் காட்டுகிற ஆளுகை வேறு மாதிரி நடக்கிறது.

அப்போஸ்தலர் 27-ம் அதிகாரத்தைப் பாருங்கள். பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போகிறார், கப்பலில் 276 பேர், பல நாளாகப் புயல். ஒருவனுக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் சொல்லிவிட்டான். விஷயம் முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் கப்பலாட்கள் நைசாகப் படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கும்போது, அதே பவுல் காவலுக்கு வந்த ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதியிடம் போய், "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார். சேவகர் கயிற்றை அறுத்துப் படகை விழவிடுகிறார்கள். பிறகு எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார். கோதுமையைக் கடலில் கொட்டிக் கப்பலை இலகுவாக்குகிறார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவன் நீந்தியும், தெரியாதவன் பலகையைப் பிடித்துக்கொண்டும் கரை சேர்கிறான். உயிர்களைக் காப்பேன் என்று வாக்குக் கொடுத்தவர், அறுத்த கயிற்றையும் தின்ற ரொட்டியையும் பிடித்த பலகையையும் கொண்டுதான் காத்தார். தலைவிதியை நம்புகிறவனாக இருந்தால் பவுல் அன்றைக்குப் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருப்பார்.

என் விஷயத்தில் தேவ சித்தம் இதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தேவன் என் வாழ்க்கைக்கு ஒரு ரகசிய வரைபடம் போட்டு வைத்திருக்கிறார், நான் அடி எடுத்து வைக்கும் முன் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும், ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு. நம்மில் பெரும்பாலானோர் மனதில் இருக்கிற படம் இதுதான். நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் பயந்து கிடந்தேன்.

உபாகமம் 29:29 இரண்டையும் பிரித்து வைக்கிறது. மறைவானவைகள் கர்த்தருக்கு உரியவை. வெளிப்படுத்தப்பட்டவைகள் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை. நாளைக்கு என்ன நடக்கும் என்பது அவருடைய பீரோவில் இருக்கிறது. சாவி நம்மிடம் இல்லை, கேட்டாலும் கிடைக்காது. வெளிப்படுத்தியதோ புத்தகமாக வீட்டிலேயே இருக்கிறது. நீங்கள் பரிசுத்தமாயிருக்க வேண்டுமென்பது தேவ சித்தம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது (1 தெசலோனிக்கேயர் 4:3). எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்வது தேவ சித்தம் என்றும் சொல்கிறது (5:18). மெக்கானிக்கலா சிவிலா என்று அதில் போட்டிருக்காது.

போன வருஷம் ஒரு தம்பி இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு சாய்ஸ் ஃபில்லிங் செய்யாமல் கடைசி நாள் இரவு வரை உட்கார்ந்திருந்தான். "இன்னும் ஆண்டவர் பேசல அண்ணே" என்றான். அவனிடம் நான்கு கேள்விகள்தான் கேட்டேன். உன் மார்க்குக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும்? அப்பாவால் எவ்வளவு ஃபீஸ் கட்ட முடியும்? உனக்குக் கணக்கு வருமா, வரைய வருமா? இதில் எதாவது பாவமா? அரை மணி நேரத்தில் பட்டியல் தயாராகிவிட்டது. ஜெபித்துவிட்டு அனுப்பினான். தேவன் அந்த அரை மணி நேரத்தில் அங்கே இல்லை என்று நான் நினைக்கவில்லை.

பவுலே பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறார். மக்கெதோனியாவுக்குப் போகத் தரிசனம் வந்தது உண்மை. அவர் கேட்டு வாங்கிய தரிசனம் அல்ல அது. ஆனால் குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்று வந்தபோது, நிக்கொப்போலியில் தங்கத் தீர்மானித்திருக்கிறேன் என்று உடன் ஊழியன் தீத்துவுக்குச் சாதாரணமாக எழுதுகிறார். ரோமாபுரிக்கு வரப் பலமுறை யோசித்தும் தடைப்பட்டது என்கிறார். அப்போஸ்தலனுக்கே திட்டம் தள்ளிப்போயிருக்கிறது. அதற்காக அவர் திட்டம் போடுவதை விட்டுவிடவில்லை. "மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும், அவன் நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர்" (நீதிமொழிகள் 16:9). யோசிப்பதை அந்த வசனம் குறையாகச் சொல்லவில்லை.

சீட்டுப் போட்டுப் பார்க்கலாமா?

இதற்கு என் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன். அப்பா தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒன்றில் 'ஆம்', இன்னொன்றில் 'இல்லை' என்று எழுதி, நாலாக மடித்துச் சங்கீதத்துக்குள் வைத்தார். எல்லாரும் முழங்காலில். சின்னப் பிள்ளை கைதான் சுத்தமான கை என்று என்னை எடுக்கச் சொன்னார்கள்.

'இல்லை' வந்தது.

யாரும் பேசவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "மூணு தடவை எடுப்போம், மூணுல ரெண்டு" என்றார். காலண்டர் தாளின் மேல்விளிம்பில் பசை காய்ந்து கெட்டியாக இருக்கும், தெரியுமா? 'இல்லை' சீட்டில் அது இருந்தது, 'ஆம்' சீட்டில் இல்லை. அடுத்த இரண்டு முறையும் நான் விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன். வீட்டில் எல்லார் முகத்திலும் எது வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கும் தூத்துக்குடி மக்ரூன் வேண்டும்.

சீட்டு வேதத்தில் இல்லாதது அல்ல. "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்று நீதிமொழிகள் 16:33 சொல்கிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அது அப்போஸ்தலர் 1-ம் அதிகாரம். 2-ம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவி வந்த பிறகு, சபை ஒரு முடிவுக்கும் சீட்டை எடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் இல்லை. 15-ம் அதிகாரத்தில், புறஜாதியார் விருத்தசேதனம் பண்ண வேண்டுமா என்கிற எவ்வளவு பெரிய பிரச்சினை! உட்கார்ந்து பேசினார்கள், வாதாடினார்கள், வசனத்தைப் பார்த்தார்கள். பிறகு "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று கடிதம் எழுதினார்கள். 'எங்களுக்கும்' என்ற சொல் அதில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளையின் குணத்தை விசாரிக்க யாரும் தூத்துக்குடிக்குப் போகவில்லை. சீட்டு அந்த வேலையை மிச்சம் பிடித்தது. அத்தான் தங்கமான மனுஷன். அது என் விரலின் சாமர்த்தியம் அல்ல.

புதுவருஷ ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை?

நானும் எடுக்கிறேன். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து, தூக்கக் கலக்கத்தில் வரிசையில் நின்று ஒரு அட்டை எடுத்து, வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற சந்தோஷம் எனக்கும் உண்டு. வசனம் யார் கையில் கொடுத்தாலும் வசனம்தான்.

ஆனால் அதை ராசிபலன் ஆக்காதீர்கள். அநேகருக்கு வருகிற அட்டை எரேமியா 29:11: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் வருகிற வரி அது. அட்டையில் இடம் போதாது என்பதால் 10-ம் வசனத்தைப் போடுவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் ஆன பிறகு வந்து சந்திப்பேன் என்கிறார் அங்கே. இந்தக் கடிதத்தை முதலில் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த விடுதலையைப் பார்க்காமலே கண்ணை மூடியிருப்பார்கள். அதுவரை என்ன செய்ய வேண்டுமாம்? வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு, நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு. என்னைக் கேட்டால் அட்டையில் அச்சடிக்க வேண்டியது 5-ம் வசனம். தோட்டம் போடச் சொல்லும் வாக்குத்தத்த அட்டையை யாரும் வாங்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கிதியோனைப் போல அடையாளம் கேட்கலாமா?

இஸ்ரவேலை உன்னைக் கொண்டு ரட்சிப்பேன் என்று கிதியோனுக்குத் தேவன் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. அடையாளம் கேட்டு மயிருள்ள தோலைக் களத்தில் போடும்போது அவனே "நீர் சொன்னபடி" என்றுதான் ஆரம்பிக்கிறான் (நியாயாதிபதிகள் 6:36). சொன்னதை நம்பமுடியாமல் கேட்டான், தேவன் இரங்கினார். அவன் பலவீனத்தை நாம் முறையாக்கிக்கொண்டோம்.

கதவு திறந்தால் தேவ சித்தம், அடைபட்டால் இல்லை. மனதில் சமாதானம் இருந்தால் சரி. இது போதாதா?

யோனாவை நினைத்துக்கொள்ளுங்கள். தேவன் நினிவேக்குப் போகச் சொன்னார். அவன் எதிர்த்திசையில் யோப்பாவுக்குப் போனான். அங்கே தர்ஷீசுக்குப் போகிற கப்பல் ரெடியாக நிற்கிறது. கையில் கூலிப் பணமும் இருக்கிறது. இதைவிட அகலமாகத் திறந்த கதவு வேண்டுமா? மனதில் சமாதானம் இருந்ததா என்றால், புயலில் கப்பல் உடைகிற நேரத்தில் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்செமனேயிலோ நேர் மாறு. தூக்கமில்லை, வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது, பாத்திரம் நீங்கட்டும் என்ற கெஞ்சல். பிதாவின் சித்தத்தின் நடுவே நின்றவருடைய மனநிலை அது.

துரோவாவில் பவுலுக்குக் கர்த்தராலே கதவு திறக்கப்பட்டிருந்தது. தீத்துவைக் காணாததால் மனம் அமைதியில்லாமல் அதை விட்டுவிட்டு மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டார் (2 கொரிந்தியர் 2:12, 13). தாவீதைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா குகைக்குள் தனியாக வந்து மாட்டியபோது, கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்று தாவீதின் ஆட்கள் அடித்துச் சொன்னார்கள். தாவீது அவன் சால்வைத் தொங்கலை அறுத்ததோடு நிறுத்திக்கொண்டான். அதற்கும் மனசாட்சி குத்தியது. திறந்த கதவு ஒரு வாய்ப்பு. அதில் நுழைவது சரியா என்பதை வேறு இடத்தில் பார்க்க வேண்டும்.

ஒரு ஊழியர், 'இந்தப் பெண்ணைத்தான் கட்ட வேண்டும் என்று ஆண்டவர் காட்டினார்' என்கிறார்.

ஆண்டவர் உங்களுக்கோ அந்தப் பெண்ணுக்கோ காட்டாமல் அவருக்கு மட்டும் ஏன் காட்டினார் என்று மரியாதையாகக் கேளுங்கள். 1 இராஜாக்கள் 13-ல் யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனை, தேவதூதன் சொன்னான் என்று பொய் சொல்லி வீட்டுக்கு அழைத்தது இன்னொரு தீர்க்கதரிசிதான். நம்பிப் போனவனைத் திரும்பும் வழியில் சிங்கம் கொன்றது.

கல்யாண விஷயத்தில் வேதம் போட்டிருக்கிற வேலி ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. கணவனை இழந்த பெண்ணைப் பற்றிப் பவுல் எழுதும்போது, தனக்கு இஷ்டமானவனை விவாகம்பண்ண அவளுக்கு விடுதலை உண்டு, ஆனாலும் கர்த்தருக்குட்பட்டவனாய் இருக்க வேண்டும் என்கிறார் (1 கொரிந்தியர் 7:39). 'இஷ்டம்' என்கிற சொல்லை நம் பெரியவர்கள் அவ்வளவாகப் பிரசங்கிப்பதில்லை. சாதியும் சவரனும் பார்த்து முடித்துவிட்டு அதற்கு மேலே 'தேவ சித்தம்' என்று முத்திரை குத்துவதைப் பற்றியும் பிரசங்கிப்பதில்லை.

தேவன் காப்பார் என்று நம்பினால் மருந்து, ஹெல்மெட், இன்ஷூரன்ஸ் எல்லாம் அவிசுவாசம் ஆகாதா?

எசேக்கியா ராஜா சாகக் கிடந்தான். உன் நாட்களோடே பதினைந்து வருஷம் கூட்டுவேன் என்று கர்த்தரே சொன்னார். உடனே ஏசாயா தீர்க்கதரிசி சொன்னது: அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள். பிளவையின்மேல் பற்றுப் போட்டார்கள், பிழைத்தான் (2 இராஜாக்கள் 20:7). பதினைந்து வருஷ வாக்குத்தத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டும் பற்றுப் போட்டவர்கள் அவர்கள். சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டுச் 'சாட்சி' சொல்ல நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஹெல்மெட்டுக்கு: தேவாலய உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று இயேசுவிடம் 91-ம் சங்கீதத்தைச் சொன்னது யார் என்று பாருங்கள். பிசாசுதான்.

ராகு காலம், ஆடி மாதம் பார்ப்பது வெறும் ஊர் வழக்கம்தானே?

அக்கம்பக்கத்தார் மனம் நோகாமல் நடந்துகொள்வது வேறு, உள்ளே பயந்து தேதி மாற்றுவது வேறு. பத்திரப்பதிவுக்குப் போகும்போது 'அந்த நேரம் கூட்டம் இருக்காது' என்று காரணம் சொல்லிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போகிறவர்களை நான் அறிவேன். நேரமும் அவருடையதுதான் என்றால் அந்த ஒன்றரை மணி மட்டும் யாருடையது?

எல்லாம் அவர் ஆளுகையில் என்றால், சுனாமி?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. வேளாங்கண்ணியில் யாத்திரை வந்தவர்கள் கடற்கரையில் நின்றார்கள், குளச்சலில் வலைகளோடு நின்றார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் போனார்கள். அந்த வாரமே, இது இன்னாருடைய பாவத்துக்குத் தண்டனை என்று மைக் பிடித்தவர்கள் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும் அப்படிப் பேசினார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார் இயேசு (லூக்கா 13:4, 5).

இன்னொரு பக்கம், நல்லதாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிற பழக்கமும் வேண்டாம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் கதையை எல்லாரும் சொல்வார்கள். மிஷனெரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்து கூப்பிட்டதைக் கண்டார். மூவர் மனைவிகளுக்கும் பிரசவ வேதனை. அவருடைய அப்பா டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடித்து, 1900-ல் திரும்பி வந்தார். ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது இன்றைய சி.எம்.சி.

இது தேவனுடைய ஆளுகைதான் என்று நான் நம்புகிறேன். ஆனால் 'ஆஸ்பத்திரி வருவதற்காகத்தான் அந்த மூன்று பேரும் செத்தார்கள்' என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். யோசேப்பு தன்னைக் குழியில் போட்டு விற்ற சகோதரரிடம் சொன்னதில் இரண்டு பாதி உண்டு: நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்; தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார். முதல் பாதியை அவன் தீமை என்றே அழைத்தான். அதைச் சொல்லவும் அவனுக்குத்தான் உரிமை. குழியில் கிடந்தது அவன். துக்க வீட்டில், சகலமும் நன்மைக்கே என்கிற ரோமர் 8:28-ஐ எடுக்க உங்களுக்குக் கை துடித்தால், முதலில் போய் நாற்காலிகளை எடுத்துப் போடுங்கள்.

நான் எடுத்த முடிவு தப்பாகிவிட்டது. இனி எனக்கு இரண்டாம் தரமான வாழ்க்கைதானா?

மத்தேயு முதல் அதிகாரத்து வம்ச அட்டவணையை யாரும் வாசிப்பதில்லை, பெயர்கள் வாயில் நுழையாது. அதில் சாலொமோனின் தாய் பெயரைச் சொல்லாமல், உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று எழுதிவைத்திருக்கிறது. உரியாவைச் சாகவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதின் ஆகக் கேவலமான முடிவு மறைக்கப்படவில்லை. மன்னிக்கப்பட்டது, விளைவுகளும் வந்தன, கிறிஸ்து வந்த வழியும் அதுவேயானது. கடன் வாங்கி ஆரம்பித்த கடை மூடிப்போனால் கடனை அடைக்க வேண்டும். அதை அடைத்துக்கொண்டிருக்கிற பத்து வருஷமும் அவருடைய ராஜரிகத்துக்கு வெளியே இல்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அடிக்கிற புருஷனோடு இருப்பதுதான் தேவ சித்தம் என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள். நாபாலின் மனைவி அபிகாயில், ஆபத்து வந்தபோது அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கழுதையேறிப் போய்த் தன் வீட்டாரைக் காப்பாற்றினாள். அவளைக் கர்த்தர் அனுப்பினார் என்று தாவீது ஸ்தோத்திரம் பண்ணினான். பெண்களுக்கான உதவி எண் 181. ராத்திரியும் எடுப்பார்கள்.

'தேவ சித்தமானால்' என்று ஒவ்வொரு பேச்சிலும் சொல்ல வேண்டுமா?

யாக்கோபு 4:15 அப்படிச் சொல்லச் சொல்கிறது. அவர் யாரைக் கண்டிக்கிறார் என்றால், ஒரு வருஷம் வியாபாரம் பண்ணிச் சம்பாதிப்போம் என்று நாளைக்குச் சொந்தக்காரர் மாதிரிப் பேசுகிறவர்களை. மனதில் இருந்தால் போதும், வாயில் எப்போதாவது வந்தால் நல்லது. வர மனமில்லாத கூட்டத்துக்கு 'தேவ சித்தமானால் வர்றேன் பிரதர்' என்று தப்பிக்கப் பயன்படுத்துவதைத்தான் விட வேண்டும்.

அக்கா கல்யாண அழைப்பிதழில் அச்சகத்துக்காரர் அந்த வரியை மறந்துவிட்டார். மறுபடி அச்சடிக்கக் காசில்லை. அப்பா நீல மசிப் பேனாவை எடுத்துக்கொண்டு 300 அழைப்பிதழிலும் தேதிக்கு மேலே 'தேவ சித்தமானால்' என்று கையால் எழுத உட்கார்ந்தார். கை வலித்ததும் மீதியை என்னிடம் தள்ளிவிட்டார். சீட்டு எடுத்த அதே கையால் நூற்றுச் சொச்சம் தடவை நானும் எழுதினேன்.